நேப்பாள மலைப்பயணம்: விலையைப் பார்ப்பதா, நாளைப் பார்ப்பதா?

கேள்வி: நானும் என் தம்பியும் வரும் அக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து சென்று வர எண்ணியிருக்கிறோம். ஒரு முகவர் விமானக் கட்டணத்தையும் சேர்த்து 10 நாள் பயணத்துக்கு 5,900 ரிங்கிட் கேட்கிறார். இன்னொருவர் 15 நாள்களுக்கு 8,200 ரிங்கிட் கேட்கிறார். இருவரும் ஒரே முகாமுக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். நாங்கள் கினபாலு உச்சியை ஏற்கெனவே தொட்டவர்கள் என்பதால் 10 நாளே தாராளம் என்கிறார் முதலாமவர். இரண்டு அட்டவணைகளையும் இணைத்திருக்கிறேன். எதை எடுப்பது?
– வாசகர், செந்தூல்

பதில்: அட்டவணைகளை அனுப்பியது நல்லதாயிற்று, ஏனென்றால் பதில் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. முதல் முகவரின் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் நேரே ஊர்ப்பெயர் மட்டும் உள்ளது. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் நீங்கள் இரவு படுக்கப்போகும் இடத்தின் உயரத்தை எழுதிப் பாருங்கள். பாக்டிங் 2,610 மீட்டர், நாம்சே பஜார் 3,440, தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, லோபுச்சே ஏறக்குறைய 4,900, கோரக்ஷெப் 5,164. இவற்றுக்கு இடையில் ஓய்வுநாள் ஒன்றுகூட இல்லை. அதாவது, பாக்டிங்கில் தூங்கி எழுந்த நீங்கள் அடுத்த ஐந்தே இரவுகளில் 2,500 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறீர்கள். மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி, 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதாகும். இரண்டாம் முகவர் நாம்சேயில் இரண்டு இரவும் டிங்போச்சேயில் இரண்டு இரவும் கொடுத்திருப்பது அந்த விதியை ஒட்டித்தான். அவற்றைச் சும்மா உட்கார்ந்திருக்கும் நாள்கள் என்று முதல் முகவர் உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் விற்கும் பொருளை அவரே அறியவில்லை என்று பொருள்.

கினபாலு வாதத்துக்கு வருவோம். கினபாலுவின் உச்சி 4,095 மீட்டர்தான். அங்கே பெரும்பாலோர் 3,270 மீட்டர் அளவில் உள்ள லாபான் ராத்தாவில் ஒரே ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் உச்சியைத் தொட்டு, அன்றைக்கே அடிவாரத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். உடல் உயரத்தை உணர்ந்து தலைவலியைத் தொடங்குவதற்குள் நாம் கீழே வந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி. அந்தச் சூழலில் பல இரவுகள் தூங்கி எழ வேண்டும். கினபாலு ஏறியது உங்கள் கால்களுக்கும் மன உறுதிக்கும் நல்ல சான்று. உயரம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதற்கு அது சான்றாகாது. பத்துமலைப் படிகளில் தினமும் ஏறி இறங்குபவருக்கும் இதே பதில்தான். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய் உடல் வலுவாக இருப்பவரையும் விட்டுவைப்பதில்லை. சொல்லப்போனால், வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்குத்தான் ஆபத்து கூடுதல்.

இனித் திரும்பும் பயணம். முதல் அட்டவணையில் எட்டாம் நாள் கோரக்ஷெப்பிலிருந்து ஒரே நடையில் நாம்சே, ஒன்பதாம் நாள் நடை முடியும் ஊரான லுக்லா, பத்தாம் நாள் காலை லுக்லாவிலிருந்து காத்மாண்டு, அன்றிரவே கோலாலம்பூர் விமானம் என்று இருக்கிறது. லுக்லா விமான நிலையத்தின் ஓடுபாதை 527 மீட்டர் நீளமே உடையது, அதுவும் சரிவானது. விமானிகள் கண்ணால் பார்த்தே இறங்க வேண்டியிருப்பதால் மேகம் மூடினாலோ காற்று மாறினாலோ அன்றைய விமானங்கள் நின்றுவிடும். அக்டோபர் போன்ற நெரிசல் மாதங்களில் லுக்லா விமானங்கள் பல, காத்மாண்டுவுக்குப் பதில், நான்கைந்து மணி நேரம் சாலை வழியே சென்றடைய வேண்டிய ராமேச்சாப்பிலிருந்து புறப்படுகின்றன. நள்ளிரவில் வேன் ஏற வேண்டியிருக்கும். அந்த வேன் கட்டணம் யாருடையது என்று இரு முகவர்களிடமும் கேளுங்கள். ஒரு நாள் தவறினால் உங்கள் கோலாலம்பூர் டிக்கெட் போய்விடும், அதுவும் தசாய்ன் பண்டிகைக்காக நம் நாட்டிலுள்ள நேப்பாளத் தொழிலாளர்கள் ஊர் போய் வரும் காலத்தில் மறு டிக்கெட் கிடைப்பதும் எளிதன்று, மலிவுமன்று. எனவே விலையில் உள்ள 2,300 ரிங்கிட் வேறுபாட்டில் பெரும்பகுதி நீங்கள் வாங்கும் நாள்களுக்கானது.

அதற்காக 8,200 ரிங்கிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடவும் வேண்டாம். அந்தத் தாளில் ‘உணவு’ என்று மட்டும் உள்ளது. காத்மாண்டுவிலுமா, மலையில் மட்டுமா? சுமைதூக்கி ஒருவரை இருவர் பகிர்ந்துகொள்வது வழக்கம்தான், ஆனால் அவருக்கும் வழிகாட்டிக்கும் காப்புறுதி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்; நேப்பாளத்தில் அது நிறுவனத்தின் சட்டக் கடமை. சுடுநீர்க் குளியல், கைப்பேசிக்கு மின்னேற்றம், இணையம் எல்லாம் தனிக் கட்டணம், மேலே போகப் போக விலையும் ஏறும். லுக்லா விமானத்தில் கைப்பையும் சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. விசா காத்மாண்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும்: 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர், 30 நாளுக்கு 50 டாலர். உங்கள் பயணம் சரியாக 15 நாள் என்பதால் 20 டாலரை மிச்சம் பிடிக்க நினைக்காமல் 30 நாள் விசாவையே எடுங்கள். லுக்லாவில் ஒரு நாள் முடங்கினாலும் கணக்கு இடிக்கும்.

உண்மையிலேயே பத்து நாள் விடுப்புத்தான் கிடைக்கும் என்றால், அடிவார முகாமை அவசர அவசரமாகப் பார்ப்பதைவிட பொக்காரா பக்கம் போய் 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் நடையை எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை. லுக்லா விமானம் தேவையில்லை, அன்னபூர்ணா மலைத்தொடர் கண்முன்னே நிற்கும், செலவும் குறையும். எவரெஸ்ட் என்ற பெயருக்கு நண்பர் வட்டத்தில் உள்ள மதிப்பு பூன் ஹில்லுக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு அப்பாவையும் (வயது 61, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்) அழைத்துச் செல்கிறோம். விமான டிக்கெட் எடுத்தபோதே இணையத்தில் பயணக் காப்புறுதியும் வாங்கிவிட்டேன். ஹெலிகாப்டர் மீட்பு உட்பட எல்லாம் அதில் அடங்கும் என்கிறார் முகவர். அது போதுமா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: முகவர் சொல்வது காப்புறுதி ஆகாது, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் காப்புறுதி. டிக்கெட்டோடு சேர்த்து விற்கப்படும் திட்டங்கள் பெரும்பாலும் பெட்டி தொலைவது, விமானம் தாமதமாவது போன்றவற்றை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் உள்ள முழு ஒப்பந்தத்தைத் திறந்து, விலக்குகள் என்ற பகுதிக்கு நேரே போங்கள். மலையேற்றம் அடியோடு விலக்கப்பட்டிருக்கலாம், அல்லது குறிப்பிட்ட உயரம் வரை மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கலாம். அந்த எல்லை 3,000 மீட்டர் என்று இருந்தால், 4,130 மீட்டரில் உள்ள அன்னபூர்ணா முகாமில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. சில ஒப்பந்தங்கள் கயிறும் பனிக்கோடரியும் பயன்படுத்தும் ஏற்றத்தை மட்டுமே விலக்குகின்றன. அப்படியானால் நீங்கள் போவது நடைப்பயணம் என்பதால் தப்பித்தீர்கள். எது பொருந்தும் என்பதை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ‘ஓகே, கவர் ஆகும்’ என்று ஒருவர் சொன்னது இழப்பீடு கோரும்போது உதவாது.

அடுத்தது அப்பாவின் இரத்த அழுத்தம். ஏற்கெனவே உள்ள நோயால் வரும் சிகிச்சைச் செலவைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. அதை மறைத்து வாங்குவது, நோய்க்குத் தொடர்பில்லாத கோரிக்கையைக்கூடச் சிக்கலாக்கிவிடும். கூடுதல் கட்டணம் கட்டி அதைச் சேர்த்துக்கொள்ளும் திட்டம் இருந்தால் அதை வாங்குங்கள். மலை நோய்த் தடுப்புக்குக் கொடுக்கப்படும் அசெட்டசோலமைட் மாத்திரை சிறுநீரைக் கூட்டக்கூடியது. அதையும் அப்பாவின் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று அவருடைய மருத்துவரைக் கேட்காமல் நண்பரிடமிருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஹெலிகாப்டர் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு முறை பறந்தால் பல ஆயிரம் டாலர். 2018-இல் நேப்பாள அரசு நடத்திய விசாரணையில், சில நிறுவனங்கள் தேவையில்லாத மீட்புகளை ஏற்பாடு செய்து, ஒரே ஹெலிகாப்டரில் பலரை ஏற்றி ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே காப்புறுதிப் பணம் கோரியது வெளிவந்தது. அதற்குப் பிறகு காப்புறுதி நிறுவனங்கள் கண்டிப்பாகிவிட்டன. முன் அனுமதி இல்லாமல் பறந்தால், பணம் தர மறுக்க அதுவே அவர்களுக்குப் போதும். ஆகவே காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணையும் உங்கள் ஒப்பந்த எண்ணையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப்பையிலும் உங்கள் பையிலும் வையுங்கள். குளிரில் கைப்பேசி மின்கலம் சீக்கிரம் இறங்கிவிடும். வழிகாட்டி ஹெலிகாப்டரை அழைக்கலாம் என்று சொன்னால், முதலில் அந்த எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். ஆனால் மூச்சுத்திணறல் ஓய்ந்திருக்கும்போதும் நிற்காமல் இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, அனுமதிக்காகக் காத்திருக்காமல் உடனே கீழே இறக்கத் தொடங்க வேண்டும். இறங்குவதே முதல் மருந்து, அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

கேள்வி: குளிர்ச் சட்டையும் காலணியும் இங்கேயே வாங்குவதா, காத்மாண்டுவில் வாங்குவதா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: காலணியை இங்கே வாங்கி, பினாங்குக் கொடிமலையில் பலமுறை ஏறி இறங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள், புதுக் காலணியோடு மலைக்குப் போனால் கொப்புளம் நிச்சயம். தடித்த இறகுச் சட்டையும் தூக்கப்பையும் நம் ஊர் வெயிலில் மறுபடி பயன்படாதவை என்பதால் காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்துவிடலாம். அங்கே தொங்கும் ‘நோர்த் ஃபேஸ்’ சட்டைகளில் பெரும்பாலானவை போலி. உழைக்கும் போலிகளும் உண்டு, ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: புலனத்தில் (வாட்ஸ்அப்) மலையேற்றக் குழு நடத்தும் ஒருவரிடம் நேப்பாளப் பயணத்துக்கு 1,500 ரிங்கிட் முன்பணத்தை அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் கட்டினேன். ஆள் சேரவில்லை என்று பயணத்தை இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார். பணத்தைக் கேட்டால் ‘முன்பணம் திரும்பாது’ என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், கிள்ளான்

பதில்: முன்பணம் திரும்பாது என்ற நிபந்தனை, நீங்கள் பின்வாங்கினால் அவர் காட்டக்கூடியது. பயணத்தை நடத்தாதவர் அவர். சேவை தராமல் பணத்தை வைத்துக்கொள்ள அந்த ஒற்றை வரி அவருக்கு உரிமை தந்துவிடாது.

முதலில் அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி, வெளிநாட்டுப் பயணத் தொகுப்பை விற்க சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வேண்டும். ‘குழுத் தலைவர்’ என்று பெயர் வைத்துக்கொண்டால் விலக்கு கிடைத்துவிடாது. உரிமம் இல்லையென்றால் அமைச்சிடம் தனியாகப் புகார் செய்யுங்கள். அந்தப் புகார் அவரைத் தண்டிக்க உதவும். உங்கள் பணத்துக்கு நீங்கள் போக வேண்டிய இடம் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகிவிடும் என்பதால், நேரில் மிரட்டாகப் பேசுபவர்களும் அழைப்பாணை வந்ததும் இறங்கி வருவது உண்டு.

காத்மாண்டு நிறுவனத்துக்கே நேரடியாகப் பணம் அனுப்பினால் மலிவு என்று பலர் எழுதுகிறார்கள். மலிவுதான். ஆனால் தகராறு வந்தால் இந்த மன்றம் அங்கே எட்டாது. உள்ளூர் உரிமம் பெற்ற முகவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் ஒரு பகுதி அந்தப் பாதுகாப்புக்கானது. நேரடியாகவே கட்டுவதென்றால் கடன் அட்டையில் கட்டுங்கள். சேவை கிடைக்காதபோது அட்டை வழங்கிய வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோர வழியுண்டு, வங்கிப் பரிமாற்றத்தில் அது இல்லை.

கோரிக்கையைப் பதிவு செய்வதற்கு முன், பணத்தை 14 நாளில் திருப்பும்படி ஒரு கடிதத்தைப் பதிவு அஞ்சலிலும் புலனத்திலும் அனுப்புங்கள். பணம் கட்டிய ரசீது, அவர் தேதி அறிவித்த செய்திகள், தள்ளிவைத்த செய்திகள் அனைத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். இதை இன்றிரவே செய்துவிடுங்கள். கடிதம் போன மறுநாள் உங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டுப் பழைய செய்திகளையும் அவர் அழித்துவிடக்கூடும்.