கருவிழி மாற்றிய கண் சிவந்தால் காத்திருக்கலாமா?

வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட உங்கள் தந்தைக்கு இரண்டு நாள்களாகக் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கியிருப்பதாகவும், அடுத்த வாரப் பரிசோதனை வரை பொறுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம், இன்றே அழைத்துச் செல்லுங்கள்.

ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லாததால், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைவிட அதை உடல் எளிதாக ஏற்றுக்கொள்கிறது என்றாலும், நிராகரிப்பு மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும். நீங்கள் சொல்லும் மூன்றும் அதன் அடையாளங்கள். கருவிழியின் உட்புறத்தில் ஒரே அடுக்காக அமைந்த செல்கள்தாம் நீரை இடைவிடாது வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அழிந்த செல்களுக்கு ஈடாகப் புதியவை பெருகுவதில்லை என்பதால்தான் ஒவ்வொரு நாளும் முக்கியமாகிறது. தொடக்கத்திலேயே, உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தீவிரமாகக் கொடுத்தால் பெரும்பாலும் கண்ணை மீட்டுவிடலாம். ஸ்டீராய்டு இல்லாத 1905இல், கண் மருத்துவர் எட்வர்ட் சிர்ம் செய்த முதல் வெற்றிகரமான மாற்றில்கூட இரு கண்களுள் ஒன்றே தெளிவாக நிலைத்தது.

ஆனால் ஹெர்பிஸ் போன்ற தொற்றும் இதே போலத் தோன்றலாம். அப்போது ஸ்டீராய்டே தீங்காகிவிடும் என்பதால், சொட்டு மருந்தை நீங்களாகக் கூட்ட வேண்டாம். இடையில் சில வாரங்கள் மருந்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். திட்டுவார்களோ என்று அஞ்சி அதை மருத்துவரிடம் மறைத்துவிடாதீர்கள். பழைய மருந்துச் சீட்டையும் பாட்டில்களையும் எடுத்துச் செல்லுங்கள். வழியில் தந்தை கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.