வேளாண் இயந்திரப் படிப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மன்னார்குடிப் பக்கம் ஏழு ஏக்கரில் நெல் சாகுபடி செய்கிறேன். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியலில் நல்ல மதிப்பெண். அறுவடை வண்டி வந்தால் ஓட்டுநரைக் கேள்வி கேட்டே துளைப்பவள், வேளாண் இயந்திரங்களைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள். பி.எஸ்சி. வேளாண்மைதான் பாதுகாப்பு என்றும், இயந்திரம் வேண்டுமானால் மெக்கானிக்கல் போதுமே என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

ஆர்., மன்னார்குடி

அன்புள்ள ஆர்.,

உறவினர்கள் சொல்லும் இரண்டும் நல்ல படிப்புகளே. ஆனால் உங்கள் மகளின் விருப்பம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பி.எஸ்சி. வேளாண்மையில் பயிரும் மண்ணும் பூச்சியும் விரிவாக வரும், இயந்திரத்துக்கு இடம் குறைவு. மெக்கானிக்கலில் எஞ்சினும் கியரும் வரும், சேறு வராது.

நடவு இயந்திரத்தையே பாருங்கள். நம் ஊர்களில் பரவலாக ஓடுகிறவை வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விட்டு நடுபவை, அதை மாற்ற முடியாது, வரிசைக்குள் குத்துக்குக் குத்து (ஒரே இடத்தில் நடும் சில நாற்றுகள்தான் ஒரு குத்து) உள்ள இடைவெளியை மட்டுமே கூட்டிக் குறைக்கலாம். நாற்றங்காலில் பறித்துக் கட்டிய நாற்று முடியை அந்த இயந்திரம் ஏற்காது. பாய் போலப் பெயர்த்தெடுக்கும்படி பாய் நாற்றங்காலில் வளர்த்த இளநாற்று வேண்டும். சேற்றுழவு முடிந்த கையோடு இறக்கினால் நாற்று சரியாக நிற்காது என்பதால், சேறு படியும்வரை ஓரிரு நாள் காத்திருக்கவும் வேண்டும். ஓர் இயந்திரத்துக்காக நாற்றங்கால், உழவு, நீர்க்கட்டு, பின்னால் வரும் களையெடுப்பு என்று எல்லாமே மாறுகிறதே, இந்த மாற்றத்தைக் கணக்கிட்டுப் படிக்கும் துறை வேளாண்மைப் பொறியியல். என் வாக்கு அதற்கே.

ஒன்றை முன்கூட்டியே மகளிடம் சொல்லிவிடுங்கள். நான்காண்டுப் படிப்பு முழுவதும் இயந்திரமாக இராது. மண், நீர்ப் பாதுகாப்பும் பாசனமும் அறுவடைக்குப் பிந்தைய பதப்படுத்தலும் மரபுசாரா ஆற்றலும் சேர்ந்தே வரும். பண்ணை இயந்திரங்களை மட்டும் ஆழமாகப் படிக்க எம்.டெக். வரை போக வேண்டியிருக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரிலும் திருச்சி அருகே குமுளூரிலும் பி.டெக். நடத்துகிறது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் பி.இ. உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பமும் கலந்தாய்வும் தனித்தனி என்பதால் இரண்டிலும் போட்டுவையுங்கள். இடம் கிடைத்தால் வேளாண்மைப் பல்கலைக்கழகக் கல்லூரியையே நான் தேர்ந்தெடுப்பேன். பண்ணை நிலமும் இயந்திர ஆராய்ச்சியும் ஒரே வளாகத்தில் இருப்பது சிறிய விஷயமல்ல.

தனியார் கல்லூரி என்றால், கட்டணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். நான் பார்த்த ஒரு கல்லூரியின் கொட்டகையில் டிராக்டர் பளபளவென்று நின்றது. இருக்கையின் பாலித்தீன் உறையைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரின் கத்திகளில் பெயிண்ட் அப்படியே இருந்தது. மண்ணில் இறங்கிய கத்தி ஒரே நாளில் வெள்ளி போல் தேய்ந்து மின்னும். ஆகவே அலுவலக அறைக்குப் போகும் முன் கொட்டகைக்குப் போங்கள், மகளையும் அழைத்துக்கொண்டு. அறுவடை ஓட்டுநரைக் கேட்கும் அதே கேள்விகளை அவள் அங்கிருக்கும் மாணவர்களிடம் கேட்கட்டும்.