பிளவு இருந்தால் எண்ணெய் கசிந்துவிடாதா?

கோதாவரி முகத்துவாரத்துக்கு எதிரே கடலடிப் பாறை பிளந்து கிடக்கிறது என்கிறார்களே, அந்தப் பிளவு வழியே எண்ணெயும் எரிவாயுவும் கசிந்துவிடாதா, நம் சூளூர்பேட்டைப் பக்கக் கடலில் மட்டும் ஏன் எதுவும் கிடைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காக்கிநாடாவுக்கு அப்பால் துளையிடும் ரிக்குகளில் மட் லாக்கிங் (துளையிலிருந்து சேற்றோடு வரும் பாறைத்துணுக்கையும் வாயுவையும் பார்த்துப் பதிவு செய்யும்) வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கசியும் என்பது பாதி உண்மை. பிளவின் ஒரு பக்கம் கீழே இறங்கும்போது, வாயு நிறைந்த மணற்கல்லுக்கு எதிரே இன்னொரு மணற்கல் வந்து நின்றால் வாயு கடந்துவிடும். களிப்பாறை வந்து நின்றால் அங்கேயே தேங்கும். மணலுக்கு மணலே எதிர்ப்பட்டாலும், இடையிலுள்ள களி நகர்வின்போது இழுபட்டுப் பிளவின் முகத்தில் பூசிக்கொண்டால் வழி அடைபடுவதுண்டு. துளையிலிருந்து வரும் பாறைத்துணுக்குகளான கட்டிங்ஸைக் கழுவி நுண்ணோக்கியில் வைக்கும்போது, ஒரு முகம் மட்டும் மெருகேறி, மெல்லிய இணைகோடுகள் ஓடும் களித்துணுக்குகள் சில நேரம் கண்ணில் படும். துளை பிளவைக் கடந்ததன் அடையாளம் அது. துளைமுனை தேய்த்த தடத்தையே அப்படி எண்ணி அறிக்கை எழுதியவர்களும் உண்டு.

கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் பழைய பிளவுகள், இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்த காலத்தவை. கரையை ஒட்டிய கடலில் எனக்கு முக்கியமாகப் படுபவை பின்னால் வந்த வளர்பிளவுகள், அதாவது வண்டல் படியப் படிய வளரும் பிளவுகள். ஆறுகள் கொட்டிய வண்டல், தன் பாரத்தாலேயே, நீரழுத்தம் மிகுந்த களியின் மேல் கடல்பக்கமாகச் சரிகிறது. சரியச் சரியப் புது வண்டல் விழுவதால் இறங்கிய பக்கத்தில் அடுக்குகள் தடிக்கின்றன. மேலே செங்குத்தாக இருக்கும் பிளவு, ஆழத்தில் மண்வெட்டித் தகடு போல வளைந்து படுத்துவிடுவதால், இறங்கும் அடுக்குகள் அதை நோக்கிச் சாய்ந்து மடிந்து ஒரு முதுகை உண்டாக்குகின்றன. எண்ணெயும் வாயுவும் அந்த முதுகில் ஏறி நிற்கும். இந்தக் கடலில் 1987-இல் கண்டறியப்பட்ட ரவ்வா எண்ணெய் வயலின் அமைப்பிலும் வளர்பிளவுகளுக்குப் பங்கு உண்டு.

காலமும் பொருந்த வேண்டும். எண்ணெய் உருவாகும் மூலப்பாறை சூடேறி எண்ணெயை வெளியேற்றும் முன்பே இந்த முதுகு அமைந்திருக்க வேண்டும். பிற்பாடு பிளவு மீண்டும் அசைந்தால், தேங்கியது மேலேறிவிடும். வெடிப்பில் வாயு நிறைவதற்கு ஒரு உதாரணம்: 2006-இல் இதே படுகையில் ஆய்வுக்கப்பல் துளையிட்டபோது, கடலடிக் களியின் வெடிப்புகளில் மீத்தேன் ஹைட்ரேட் (மீத்தேன் வாயு நீரோடு சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்த பொருள்) 100 மீட்டருக்கும் மேலான தடிமனுக்கு உறைந்திருந்தது.

நம் சூளூர்பேட்டைப் பக்கக் கடல் அடங்கும் பாலாறு-பென்னாறு படுகையிலும் பிளவுகள் உண்டு. ஆனால் கிருஷ்ணாவும் கோதாவரியும் கொட்டிய அளவுக்குத் தடித்த வண்டல் அங்கே இல்லை. போதிய ஆழத்தில் புதையாத மூலப்பாறை எண்ணெய் தராது, பாரம் இல்லாத இடத்தில் வளர்பிளவும் பிறக்காது. பழவேற்காட்டுக்கு எதிரே ஒரு பிளவுக்கோட்டை வரைபடத்தில் கண்டால், அதற்குக் கீழே எத்தனை கிலோமீட்டர் வண்டல் கிடக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன்.