வெண்கலத்தில் முதலிடம்: பால்ரூம் நடனம் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நியூஜெர்சியில் இருந்த வருடங்களில் பால்ரூம் நடனம் (ஜோடி ஜோடியாகக் கைகோத்து ஆடுகிற மேற்கத்திய நடனம்) கற்றுக்கொண்டேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மீதிப் பாதி "நீங்களா?" என்று மட்டும் கேட்கிறது. ஆமாம், நான்தான். சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடலாம்.

கேள்வி: என் மகன் டெக்சஸில் வேலை பார்க்கிறான், 34 வயது. டான்ஸ் ஸ்டுடியோவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதுகில் நம்பர் அட்டையைக் குத்திக்கொண்டு ஒரு பெண்ணோடு ஆடுகிற படத்தை அனுப்பி, "வெண்கலத்தில் முதல் பரிசும்மா" என்கிறான். வெண்கலம் என்றால் மூன்றாவது இடம்தானே? அந்தப் பெண் யார்? – ஒரு தாய், கோவை

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி என்று தெரிகிறது, அதை முதலில் முடித்துவிடுவோம். பெரும்பாலும் அவனுடைய ஆசிரியையாக இருப்பார். மாணவர் தன் ஆசிரியரோடு சேர்ந்து ஆடுகிற போட்டிக்கு 'புரோ-ஆம்' என்று பெயர், அமெரிக்க ஸ்டுடியோக்களில் அதுதான் பெரிய திருவிழா. நடுவர்கள் மாணவரை மட்டும்தான் பார்த்து மதிப்பிடுவார்கள், ஆசிரியை எவ்வளவு அழகாக ஆடினாலும் அது கணக்கில் வராது. நம்பர் அட்டை வழக்கமாக ஆணின் முதுகில்தான் இருக்கும்.

வெண்கலம் என்பது இடம் இல்லை, நிலை. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் என்று இருக்கிறதே, அந்த மாதிரி. புதியவர், வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஏறிக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் இன்னின்ன அடவுகள் என்று பாடத்திட்டம் உண்டு, வெண்கலத்தில் ஆடுகிறவர் வெள்ளிக்கான அடவைப் போட்டியில் போட்டுக் காட்டினால் அது தப்பு. ஆகவே உங்கள் மகன் லோயரில் முதல் வகுப்பு வாங்கியிருக்கிறான். தாராளமாகப் பக்கத்து வீட்டில் சொல்லலாம். அந்தப் பிரிவில் எத்தனை பேர் ஆடினார்கள் என்று மட்டும் அவனிடம் கேட்காதீர்கள். வயது, நிலை, நடனம் என்று பிரித்துப் பிரித்து, கடைசியில் ஒருவரே ஆடி அவரே முதலிடம் பெறுகிற பிரிவுகளும் உண்டு. எனக்கும் அப்படி ஒரு முதலிடம் இருக்கிறது.

கேள்வி: அப்படி ஒரு ஸ்டுடியோவில் என்னதான் நடக்கும்? சினிமாவில் பார்க்கிற கிளப் மாதிரியா? – ஒரு கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: எங்கள் ஸ்டுடியோ ஒரு கடைவரிசையில், சலவைக் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே பெரிய மரத்தரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் நாற்காலிகள், அவ்வளவுதான். தெருவில் போட்ட ஷூவோடு அந்தத் தரையில் கால் வைக்கக் கூடாது. நடன ஷூவின் அடிப்பாகம் சொரசொரப்பான ஸ்வேட் தோல். வழுக்கியும் விழாமல் ஒட்டிக்கொள்ளவும் செய்யாமல் திரும்ப அதுதான் வேண்டும், அழுக்கு ஏறினால் சின்னக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துப் போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை இரவுதான் களைகட்டும். முதலில் முக்கால் மணி நேரம் குரூப் கிளாஸ், அதில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஜோடியை மாற்றிவிடுவார்கள், கணவன் மனைவியாக வந்தவர்களையும் சேர்த்துத்தான். பல் டாக்டர், பள்ளி பஸ் ஓட்டுகிற அம்மா, ஓய்வுபெற்ற போலீஸ்காரர், எழுபத்தெட்டு வயதுப் பாட்டி என்று எல்லோருடைய கையையும் அந்த முக்கால் மணியில் பிடித்திருப்பீர்கள். அப்புறம் விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு பார்ட்டி ஆரம்பிக்கும், ஒரு வால்ட்ஸ், ஒரு ச்சா ச்சா, ஒரு ஃபாக்ஸ்ட்ராட், ஒரு ஸ்விங் என்று மாற்றி மாற்றிப் பாட்டு ஓடும். ஆண்தான் கேட்கவேண்டும் என்றெல்லாம் இல்லை, யாரும் யாரையும் ஆடக் கூப்பிடலாம். மாட்டேன் என்றால் காரணம் கேட்கக் கூடாது. இன்னொரு எழுதாத சட்டம், பார்ட்டியில் நம்மோடு ஆடுகிறவரின் தப்பைத் திருத்தக் கூடாது. அது கிளாஸில் ஆசிரியரின் வேலை. (இந்தச் சட்டத்தை மீறுகிற ஒருவர் எல்லா ஸ்டுடியோவிலும் இருப்பார், அவர் சேர்ந்தே நாலு மாதம்தான் ஆகியிருக்கும்.)

வால்ட்ஸ் மாதிரி நகர்ந்துகொண்டே ஆடுகிற நடனங்களில் தரை முழுக்க எல்லோரும் ஒரே திசையில் சுற்றவேண்டும், இல்லையென்றால் மோதல்தான். அந்தத் திசை இடஞ்சுழி, கோயில் பிரகாரத்துக்கு நேர் எதிர்! முதல் மாதம் முழுக்க என் கால் தன்னால் பிரதட்சிணமாகவே போகப் பார்த்தது. வேகமாகப் போகிறவர்களுக்கு வெளிச்சுற்று, நின்ற இடத்திலேயே ஆடுகிற ரும்பா, ச்சா ச்சாக்காரர்களுக்கு நடுப்பகுதி.

இத்தனையையும் கட்டி மேய்ப்பது ஆசிரியர்கள் என்று நினைப்பீர்கள். இல்லை, வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கிற பெண்மணி. யாருக்கு முழங்கால் ஆபரேஷன், யார் மூன்று வாரமாக வரவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை மசால்வடை கொண்டுபோனாள், அடுத்த வாரம் "வடை வருமா?" என்று வீட்டுக்கே போன் செய்தது அவர்தான்.

கேள்வி: ஆட்டத்துக்கு எப்படி மார்க் போடுவார்கள்? ஆளுக்கொரு ரசனை இருக்குமே! – கணக்கு ஆசிரியர், விருதுநகர்

பதில்: உங்களுக்குப் பிடிக்கும் பதில் இருக்கிறது. ஆரம்பச் சுற்றுகளில் மார்க்கே கிடையாது, அடுத்த சுற்றுக்கு யார் யார் வரவேண்டும் என்று ஒவ்வொரு நடுவரும் டிக் செய்வார், அவ்வளவுதான். இறுதிச் சுற்றில் எல்லா ஜோடிகளையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார்கள். அதைக் கூட்டி சராசரி பார்ப்பதில்லை, பெரும்பான்மை பார்ப்பார்கள். நடுவர்கள் ஐந்து பேர் என்று வையுங்கள். ஒரு ஜோடிக்கு 1, 1, 1, 5, 5. இன்னொரு ஜோடிக்கு 2, 2, 2, 1, 1. கூட்டினால் முதல் ஜோடிக்கு 13, இரண்டாவதற்கு 8, குறைவாக இருப்பதுதான் நல்லது என்பதால் இரண்டாவது ஜோடி ஜெயிக்கவேண்டும். ஆனால் ஐந்தில் மூன்று பேர் முதலிடம் கொடுத்துவிட்டார்கள் அல்லவா, பரிசு முதல் ஜோடிக்குத்தான். ஒரே ஒரு நடுவர் கோபத்திலோ பாசத்திலோ போடுகிற எண் முடிவைக் கவிழ்த்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இதற்கு 'ஸ்கேட்டிங் சிஸ்டம்' என்று பெயர். பஞ்சாயத்தில் அஞ்சுக்கு மூணு பேர் சொன்னால் முடிந்தது கதை, அதே கணக்கு.

கேள்வி: பால்ரூமுக்கு ஒலிம்பிக் இருக்கிறதா? – சேலம் வாசகர்

பதில்: இல்லை. நடன விளையாட்டின் உலகக் கூட்டமைப்பை ஒலிம்பிக் கமிட்டி 1997-ல் அங்கீகரித்தது. அந்தக் கூட்டமைப்பு வழியாக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நுழைந்ததோ தலைகீழாகச் சுழல்கிற பிரேக்கிங், அதாவது பிரேக் டான்ஸ். பால்ரூமின் கோட்டு சூட்டுக்காரர்கள் டிவியில் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒலிம்பிக் மாதிரி என்றால் இங்கிலாந்தில் கடலோர ஊரான பிளாக்பூலில் 1920-லிருந்து நடக்கிற நடன விழாதான்.

கேள்வி: மகள் வீட்டில் தங்க அமெரிக்கா வந்திருக்கிறேன். வயது 63. பக்கத்திலேயே ஸ்டுடியோ இருக்கிறது, போய்ப் பாருங்கப்பா என்கிறாள். முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்து ஆட வெட்கமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உங்கள் வெட்கத்துக்குப் பெரிய பரம்பரையே உண்டு. 1816-ல் லண்டன் அரச விருந்தில் வால்ட்ஸ் ஆடினார்கள் என்பதற்காக 'டைம்ஸ்' பத்திரிகை கொதித்துப்போய்த் தலையங்கமே எழுதியது. ஆனால் நேரில் போனால் வெட்கப்பட நேரம் இருக்காது. உங்கள் வலது கை அவர் தோள்பட்டை எலும்பின்மேல், இடது கையில் அவர் கை, முழங்கை கீழே தொங்கக் கூடாது, முதுகு வளையக் கூடாது, இதற்கு நடுவே வால்ட்ஸின் மூன்று எண்ணிக்கையை விடக் கூடாது. நான் மனதுக்குள் 'தகிட தகிட' என்று சொல்லித்தான் தப்பித்தேன்.

உடம்புக்கு நல்லது என்றும் மகள் சொல்லியிருப்பாள். நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-ல் வந்தது; உடலுழைப்புப் பழக்கங்களில் நடனம் மட்டும்தான் மறதிநோய் குறைவாக வருவதோடு சேர்ந்து காணப்பட்டது. ஆடியதால் நோய் வரவில்லையா, நல்ல நினைவு உள்ளவர்கள்தான் ஆடப் போனார்களா என்பதை அந்த மாதிரி ஆய்வு தீர்த்துச் சொல்லாது. முழங்கால் வலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். துள்ளித் துள்ளி ஆடுகிற ஜைவ் வேண்டாம், நிதானமாக நடக்கிற ஃபாக்ஸ்ட்ராட் போதும்.

கேள்வி: அண்ணன் மகள் ஸ்டுடியோவில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டப்போகிறாள். சரியா? – மதுரை வாசகி

பதில்: தடுத்து நிறுத்துங்கள்! தனி வகுப்பு முக்கால் மணிக்கு நூறு டாலர் என்பது அங்கே சாதாரணம். போட்டிக்குப் போனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி நுழைவுக் கட்டணம், ஆசிரியருக்குத் தனி, உடைக்குத் தனி, ஹோட்டலுக்குத் தனி. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் நடத்துகிற ஒரு வழக்கு இருக்கிறது, 1968-ல் ஃப்ளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. கணவரை இழந்த 51 வயதுப் பெண்மணி ஒருவரிடம் "உங்களுக்குள் பெரிய நடனக்காரி ஒளிந்திருக்கிறாள்" என்கிற ரீதியில் பேசிப் பேசியே பதினான்கு ஒப்பந்தங்களில் 2,302 மணி நேரப் பாடம் விற்றிருக்கிறார்கள், 31,000 டாலருக்கு மேல், பதினாறு மாதத்துக்குள். அவருக்குத் தாளமே பிடிபடவில்லையாம். கீழ்க்கோர்ட் தள்ளுபடி செய்த அவர் வழக்கை விசாரிக்கத்தான் வேண்டும் என்று மேல்கோர்ட் சொன்னது.

அதற்காக எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தங்கமானவர்கள். ஆனாலும் பதக்கத்தைக் கொடுக்கிறவரும் அடுத்த பாக்கேஜை விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால், கைதட்டலில் கொஞ்சத்தைக் கழித்துவிட்டுத்தான் கேட்கவேண்டும். குரூப் கிளாஸ், வெள்ளிக்கிழமை பார்ட்டி, மாதாமாதம் பணம். ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவருமா? – சென்னை வாசகர்

பதில்: பெரம்பூரிலும் போத்தனூரிலும் பொன்மலையிலும் பழைய ரயில்வே குடும்பங்களைக் கேளுங்கள். ஆங்கிலோ-இந்தியர்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்களில் (ரயில்வே ஊழியர்களின் கிளப்புகள்) கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் ஜோடி ஜோடியாக ஆடியதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி: உங்கள் ஸ்டுடியோவில் நீங்கள் பார்த்த பெரிய சாதனை எது? – ஈரோடு வாசகி

பதில்: கோப்பை வாங்கியவர்கள் நிறைய, சுவரில் படமாக இருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரு பிளம்பர். வால்ட்ஸ் ஆடும்போது "ஒன், டூ, த்ரீ" என்று வாய்விட்டு எண்ணுவார், அதுவும் பாட்டைவிடச் சத்தமாக. பதினோரு மாதம் எண்ணினார். அவரோடு ஆடுகிறவர்களும் தங்களை அறியாமல் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டு பாதி ஓடியபிறகுதான் ஏதோ குறைகிறதே என்று எல்லோருக்கும் உறைத்தது, மனிதர் வாய் மூடியிருக்கிறது, கால் சரியாகப் போகிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் மறுபடி ஆரம்பித்துவிடுவாரே. மறுநாள் மாணவர் சாதனைகள் எழுதுகிற பலகையில், யாருக்கோ கிடைத்த வெள்ளிப் பதக்கத்துக்குக் கீழே, மேசைப் பெண்மணி அவர் பெயரைப் போட்டு "நேற்று எண்ணவில்லை" என்று எழுதி வைத்திருந்தார்.

அதற்கடுத்த வாரம் அவர் டாங்கோவில் சேர்ந்தார். "ஸ்லோ, ஸ்லோ, குவிக் குவிக், ஸ்லோ" பீட்சா கடை வரைக்கும் கேட்டது.