பெருங்காயத்தில் ஒளிந்திருக்கும் கோதுமை
வெளிநாடு போய்ப் படிப்பவர்களின் உணவு ஒவ்வாமை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு சீலியாக் நோய் என்று போன வருடம் உறுதியானது. செப்டம்பரில் எம்.எஸ்ஸி. படிக்க லீட்ஸ் போகிறான். சோறு, இட்லி, தோசை என்று இருந்துவிட்டால் போதும்தானே? சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி எல்லாம் இங்கிருந்தே கொடுத்தனுப்பப் போகிறேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சீலியாக் உள்ளவர்களின் சிறுகுடலைக் கெடுப்பது குளூட்டன்; கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் அது. அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் கிடையாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் கொடுத்தனுப்பும் பொடியைத்தான்.

பெருங்காயம் ஒரு செடியின் பிசின். அப்படியே போட்டால் காரமும் நெடியும் தாங்காது என்பதால் கோந்தும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு மைதா. தூளில் மட்டுமில்லை, கட்டியிலும் உண்டு. கால் கிராம் சிட்டிகையில் பாதி மைதா என்று வையுங்கள். மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக, ஒரு சிட்டிகையில் 12 மில்லிகிராம். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. ஒரு சட்டி சாம்பாரை நாலு பேர் பங்கிட்டுக்கொண்டால் அளவு குறையும்தான். ஆனால் அதே தட்டில் ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் என்று எல்லாவற்றிலும் பெருங்காயம் இருக்கிறதே. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பி, சேர்பொருள் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது மாவு மில். உங்கள் மிளகாயும் மல்லியும் விழுவதற்கு முன்னால் அதே இயந்திரத்தில் யாருடைய கோதுமையாவது அரைபட்டிருக்கும். பொடியை வீட்டு மிக்ஸியிலேயே அரையுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம். அது கோதுமையும் பார்லி மால்ட்டும்தான்.

இனி லீட்ஸ். பிரிட்டனில் பாக்கெட் உணவில் 14 ஒவ்வாமைப் பொருள்கள் சேர்பொருள் பட்டியலிலேயே தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துத் தெரிய வேண்டும் என்பது சட்டம். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் நான்கும் அதில் வரும். கடையிலேயே தயாரித்து உறையிட்டு வைக்கும் சாண்ட்விச்சுக்கும் 2021 அக்டோபர் முதல் முழுப் பட்டியல் கட்டாயம். 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. 'மே கன்டெய்ன்' (கலந்திருக்கலாம்) என்ற எச்சரிக்கை மட்டும் கட்டாயமில்லை. தயாரிப்பாளர் விரும்பினால் போடுவார். ஆகவே அது இல்லை என்பதாலேயே பொருள் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கார்ன்ஃபிளேக்ஸ் சோளம்தானே என்று வாங்கிவிடுவார்கள், அதில் பெரும்பாலும் ருசிக்கு பார்லி மால்ட் சாறு இருக்கும். உணவகத்தில் 'குளூட்டன் உள்ள பொருள் சேர்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் அது 'குளூட்டன் ஃப்ரீ' ஆகாது. சமையலறையில் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்கள். சிப்ஸ் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாவில் தோய்த்த மீனையும் இதே எண்ணெயில்தான் பொரிக்கிறீர்களா?

பெரிய தலைவலி விடுதியின் பொதுச் சமையலறை. ஒரு ரொட்டித் துண்டில் சுமாராக 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதில் இருநூறில் ஒரு பங்கு உதிர்ந்தாலே 10 மில்லிகிராம். பொது டோஸ்டரின் அடியில் அதைப்போலப் பல மடங்கு தூள் கிடக்கும். சூட்டில் குளூட்டன் அழியாது, கொதிக்க வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் மட்டுமே போகும். எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவிவிடலாம். பாஸ்தா வடிக்கும் ஓட்டைத் தட்டு, மரக்கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக், வெட்டும் பலகை, தேய்க்கும் ஸ்பாஞ்ச் இவற்றைச் சுத்தம் செய்வது கடினம்; மகன் தனக்கென்று தனியாக வாங்கிக்கொள்ளட்டும். தோசைக்கல்லும் தனி. நேற்று ஒருவர் சப்பாத்தி சுட்ட கல்லில் இன்று தோசை வார்க்கக் கூடாது. வெண்ணெய், ஜாம் டப்பாவில் பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ரொட்டியில் தடவிய கத்தி ஒரு முறை உள்ளே போனால் அந்த டப்பா அவனுக்கு ஆகாது. அலமாரியில் மேல் தட்டையே கேட்டு வாங்கட்டும், மேலிருந்துதான் கீழே உதிரும்.

அங்குள்ள இந்தியக் கடைகளில் பருப்பு, கடலை மாவு பாக்கெட்டுகளில் கோதுமை எச்சரிக்கை அடிக்கடி இருக்கும். மாவில் அந்த எச்சரிக்கை இருந்தால் வாங்காமல் விட்டுவிடலாம். எச்சரிக்கை இல்லாத பருப்பையும் தட்டில் பரப்பி, கோதுமை மணி கிடந்தால் பொறுக்கிவிட்டு, மூன்று தண்ணீரில் அலச வேண்டும்.

போனதும் உள்ளூர் மருத்துவரிடம் பதிவு செய்யட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சீலியாக் உள்ளவர்களுக்குக் குளூட்டன் இல்லாத ரொட்டி, மாவு அரசுச் செலவில் கிடைக்கும். இங்கிலாந்தில் பகுதிக்குப் பகுதி மாறும்.

கேள்வி: கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. பரிசோதனை செய்துகொள்ளவில்லை. வெளிநாடு போவதற்குள் கோதுமையை நிறுத்திப் பழகிவிடலாமா?
– மாணவர், கோவை

பதில்: நிறுத்தாதீர்கள். நிறுத்திய பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோதனைக்குப் போங்கள். அறிக்கையை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதியிலும் பல்கலைக்கழகத்திலும் தனி ஏற்பாடு கேட்டால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: என் தங்கைக்கு சீலியாக் இல்லை, கோதுமை அலர்ஜி. 'குளூட்டன் ஃப்ரீ' ரொட்டியை நம்பிச் சாப்பிடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: எல்லாவற்றையும் நம்ப முடியாது. குளூட்டனை நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்த்த 'குளூட்டன் ஃப்ரீ' ரொட்டி ஐரோப்பாவில் விற்கிறது. சீலியாக் உள்ளவருக்கு அது ஆகும், உங்கள் தங்கைக்கு ஆகாது. முன்பக்கப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பட்டியலில் கோதுமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இது நேர்மாறு: 'கன்டெய்ன்ஸ்' (இதில் உள்ளவை) என்ற வரி போட்டால் அதில் கோதுமை கட்டாயம் வரும், பார்லியும் ரையும் வர வேண்டியதில்லை. அங்கே ஏமாறுவது சீலியாக் உள்ளவர்தான்.

கேள்வி: வேர்க்கடலை பட்டாலே முகம் வீங்கும். ஒரு முறை மூச்சுத் திணறியது. பிரிட்டன் போகிறேன், ஊசி அவசியமா?
– மாணவி, மதுரை

பதில்: மூச்சுத் திணறல் வந்தவர் ஊசி இல்லாமல் இருக்கக் கூடாது. அட்ரினலின் ஆட்டோ இன்ஜெக்டர் என்ற இந்த ஊசி நம்மூர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவர் கடிதத்தோடு போய், அங்கே பதிவு செய்த கையோடு எழுதி வாங்குங்கள். எப்போதும் இரண்டு கையில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.

தொடையின் வெளிப்புறம், நடுவில் குத்த வேண்டும்; உடைக்கு மேலேயே குத்தலாம். எபிபென் பிராண்ட் என்றால் நீல மூடியை எடுத்துவிட்டு, ஆரஞ்சு முனையைத் தொடையில் அழுத்தி 3 நொடி பிடிக்க வேண்டும். ஜெக்ஸ்ட் என்றால் 10 நொடி. உடனே பிரிட்டனின் அவசர உதவி எண் 999-ஐ அழைத்து 'அனஃபிலாக்சிஸ்' (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை) என்ற சொல்லைச் சொல்லுங்கள். காலை உயர்த்திப் படுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து மட்டும் நிற்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழும். ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது ஊசி. அலர்ஜி மாத்திரை தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும், மூச்சுக்குழலைத் திறக்காது. அதைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் பலரும் செய்கிற தவறு.

இந்திய உணவகம்தானே என்று அசந்துவிடாதீர்கள். சிக்கன் டிக்கா மசாலாவில் பாதாம் தூளுக்குப் பதில் விலை குறைந்த வேர்க்கடலைத் தூள் கலந்து, 2014-இல் இங்கிலாந்தில் ஒருவர் உயிரிழந்தார். 2016-இல் உரிமையாளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. லூபின் மாவு சேர்த்த ரொட்டி, கேக் வகைகளையும் தவிருங்கள். அது வேர்க்கடலையின் குடும்பம்தான், கடலை ஒவ்வாதவர்களில் சிலருக்கு அதுவும் ஒவ்வாது.

கேள்வி: மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு சீலியாக். அங்கே ஓட்ஸ் சாப்பிடலாமா? புட்டு, இடியப்பம் கடையில் வாங்கலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆஸ்திரேலியச் சட்டம் பிரிட்டனைவிடக் கடுமை. குளூட்டன் கண்டறியும் அளவுக்குக்கூட இருக்கக் கூடாது, ஓட்ஸ் இருந்தால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடவே கூடாது. லண்டனில் அந்தப் பெயரோடு விற்கும் ஓட்ஸ் மெல்பர்னில் அந்தப் பெயரோடு கிடைக்காது. மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். புட்டும் இடியப்பமும் கடையில் வாங்கினால், கோதுமை மா கலந்ததா என்று கேட்டே வாங்குங்கள். வெள்ளையாக இருப்பதால் மட்டும் அது அரிசி மா ஆகிவிடாது. குரக்கன் (கேழ்வரகு) மா நல்லது, அதையும் தனியாக அரைத்துக் கட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.