இன்ஜினை விடுங்கள், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி (சுருக்கம்): திருச்சியில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு டூவீலர் கன்சல்டிங்கில் 2018 மாடல் ஸ்கூட்டரை 46,000 ரூபாய்க்கு வாங்கினேன். "ஒரே கை, 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஷோரூம் சர்வீஸ்" என்றார்கள். ஒரு மாதத்துக்குள் இன்ஜின் போய்விட்டது. மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்கிறார் மெக்கானிக். கேட்கப் போனால் கிண்டல் செய்கிறார்கள். டெலிவரி நோட் மட்டும்தான் கொடுத்தார்கள், ஆர்.சி. இன்னும் முதல் ஓனர் பெயரில் இருக்கிறது, இன்ஷூரன்ஸும் முடிந்துவிட்டது. 420 கேஸ் போட முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அவர்கள் கிண்டலைப் பற்றியது. கோபம் நியாயம்தான், ஆனால் அதை வைத்து எந்த கோர்ட்டிலும் ஒன்றும் வாங்க முடியாது. இன்ஜின்கூட எனக்கு இரண்டாம் பட்சம். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஆர்.சி. வேறு பெயரில், இன்ஷூரன்ஸ் இல்லை என்று, உங்கள் பிரச்சினை அதுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு ஓனர் என்றால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர். 2018-ல் நவீன் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதில் ஒரு கார் பல கை மாறிப் போயிருந்தது, ஆனாலும் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருந்தவர்தான் என்றார்கள். இதைக் கேட்டுவிட்டு "அப்போ எனக்கென்ன" என்று வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர்களைத்தான் நான் விபத்து ட்ரிபியூனலில் பார்க்கிறேன். ஓட்டியவர் நீங்கள் என்றால் முதல் எதிர்மனுதாரர் நீங்கள், அடுத்து அந்த முதல் ஓனர், வழக்கமாகப் பணம் கட்டுகிற மூன்றாவது ஆள், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி, உங்கள் வழக்கில் கிடையாது. ரோட்டைக் கடந்தவருக்கு நிரந்தர ஊனம் என்றால் தொகை லட்சக்கணக்கில் போகும், அதை உங்கள் சொத்தின் மேலும் வசூலிக்கலாம். போலீஸ் பிடித்தால் 2,000 ரூபாய் அபராதம் என்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அப்புறம் அந்த டெலிவரி நோட். "வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன், இன்றிலிருந்து விபத்து, வழக்கு எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு" என்று அதில் அச்சடித்திருப்பார்கள், நீங்களும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அடிபட்டவரை அந்தத் தாள் கட்டுப்படுத்தாது. ஆனால் முதல் ஓனர் பணம் கட்ட நேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு உங்களிடம்தான் வருவார். இன்ஜின் பற்றி நீங்கள் புகார் கொடுத்தால் கன்சல்டிங்காரரும் அதைத்தான் முதலில் நீட்டுவார்.

மோசடிக்கான அந்த 420 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. விற்கும்போதே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும், மெக்கானிக் வாயால் சொன்னது போதாது. சொந்த டூவீலருக்குப் பதிவு செய்து 15 வருடம் வரை கட்டாய எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடையாது, அதனால் சர்வீஸ் ரெக்கார்டு ஒன்றுதான் அதன் சரித்திரம். வாங்கும் முன் ஷோரூமில் கேட்டிருக்க வேண்டியது, இப்போதாவது கேளுங்கள். 2021-லேயே 35,000 கிலோமீட்டர் என்று ஒரு ஜாப் கார்டு (சர்வீஸுக்கு விட்டபோது எழுதிய சீட்டு) கிடைத்தால் உங்களுக்கு வழக்கு உண்டு, வியாபாரமாக விற்றவர் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கிடைக்காவிட்டால் மறந்துவிடுங்கள்.

கிடைத்தாலும் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப அவசரப்படாதீர்கள். என்னிடம் வந்த பலர் சறுக்கியது இங்கேதான். நோட்டீஸ் போன மறுநாளே கன்சல்டிங்காரர் போனை எடுக்க மாட்டார், முதல் ஓனர் யார் எங்கே என்று உங்களுக்குத் தெரியாது, அவர் மொபைலுக்குப் போகும் ஓடிபி இல்லாமல் பெயர் மாற்றம் நகராது. அவர் இடையில் இறந்துவிட்டால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டிக் கடன் அடமானப் பதிவு இருந்து, பைனான்ஸ்காரர் கடன் நிலுவைக்காக வண்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் நடந்திருக்கிறது. அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் இன்றைக்கே பாருங்கள், எச்.பி. இருந்தால் பைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லைச் சான்று), அடமானத்தை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். ஆர்.சி.யில் இருப்பவருக்கும் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்று கன்சல்டிங்காரரிடம் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலும் ஆளை வரவழைப்பார்கள். இன்ஜின் செலவில் பாதி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டாலும் பெயர் மாற்றத்தை விடாதீர்கள். தர்ட் பார்ட்டி பாலிசி (அடிபட்டவருக்கு நஷ்டஈடு தரும் இன்ஷூரன்ஸ்) எடுக்கும் வரை வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது. ஆர்.சி. மாறியதும் 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள், இல்லாவிட்டால் திருட்டுக்கும் சேர்த்து முழு பாலிசி எடுத்திருந்தாலும் நாளைக்கு வண்டி திருடு போனால் கம்பெனி கையை விரித்துவிடும். "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கேட்பார்கள், உங்கள் பெயர் போட்ட ஆர்.சி. கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.