கூட்டுத்தொகை 1,67,77,216-இல் நின்றுவிடுவது பற்றி

உங்கள் நிரலில் மொத்தத்தை வைத்திருக்கும் ஃபுளோட்டை (பின்ன எண்களையும் ஏற்கும் எண் வகை) விட்டுவிட்டு, தொகையைப் பைசாவாக்கி 64 பிட் முழு எண்ணில் வையுங்கள்.

ஒவ்வொரு ரூபாயாகக் கூட்டும்போது மொத்தம் 1,67,77,216-க்கு மேல் ஏறவில்லை என்கிறீர்களே, அந்த எண் 2-இன் 24ஆம் அடுக்கு. 32 பிட் ஃபுளோட்டில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட்தான். அதற்கு மேல் ஒற்றைப்படை எண்ணுக்கு இடமே இல்லை. 1 கூட்டினால் விடை பழைய எண்ணிலேயே போய் விழும்.

சரிபார்க்க, அங்கே 1-க்குப் பதில் 2 கூட்டுங்கள். எண் நகர்ந்தால் காரணம் இதுதான்.

டபுளுக்கு (64 பிட் ஃபுளோட்டுக்கு) மாறினாலும் இது தீரும். ஆனால் 0.1 இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும், துல்லியமாக வைக்க முடியாது, அதனால் பணக்கணக்குக்கு அதுவும் வேண்டாம்.

அப்புறம், 32 பிட் முழு எண்ணும் போதாது: பைசாவில் வைத்தால் சுமார் 2.14 கோடி ரூபாயிலேயே நிரம்பிவிடும்.